ஊறின பேப்பரில் விரிந்த ஈயம்

நான் வேலை செய்த ரயர் கடையின் பின்கதவடியில் எப்போதும் ஒரு வாளி இருக்கும். காரின் சில்லைக் கழற்றி ரயர் மாற்றித் திரும்பப் பூட்டும்போது, சில்லு நடுங்காமல் சுற்றவேண்டும் என்பதற்காக அதன் விளிம்பில் ஒரு சின்ன ஈயத்துண்டைக் கவ்வவைத்து அடிப்போம். வீல் வெயிட் என்று சொல்லுவது. பழைய துண்டுகளைக் கழற்றி அந்த வாளிக்குள் எறிவோம். கிணுங் என்று ஒரு சத்தம் வரும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். பிறகுதான் ரொறன்ரோவின் வோபர்ன் தெருவில் மிதிபட்டுக் கறுத்த பனி, கடைக்குள் இரைகிற ஹீட்டர், புது ரப்பர் மணம், ஆறிப்போன கோப்பி எல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

வாளி நிறைந்தால் பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து கொண்டுபோவான். ஒரு வசந்தகாலத்தில் அவனுக்கு முன்னம் என் கூட்டாளி வந்து நின்றான்.

"மச்சான், உந்த வாளியை பொஸ்ஸிட்டைக் கேட்டுத் தாவன்."

"என்னத்துக்கு?"

"சன்னம் வாக்கப்போறன்."

துப்பாக்கிக் குண்டு வார்க்கிறதை, வடை சுடப்போறன் என்கிற மாதிரிச் சொன்னான். கையில் இருந்த சுத்தியலை நான் கீழே வைத்துவிட்டு, பொஸ் கேட்டானோ என்று திரும்பிப் பார்த்தேன். பொஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

எனக்கு எல்லாத்துக்கும் பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஒரு விசயத்தைப் புத்தகத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள முடியாதவனுக்கு அது மனதுக்குள் கிடந்து பெருத்துக்கொண்டே போகும். அடுப்பை நிற்பாட்டினேனோ, கார்க்கதவு பூட்டினேனோ, பூட்டிய சில்லின் நட்டு இறுகினதோ என்று வழியெல்லாம் யோசிப்பேன். கடையில் நான் பூட்டின சில்லு எதுவும் கழன்றதில்லை. அதுக்குக் கெட்டித்தனம் காரணமில்லை. ஒவ்வொரு நட்டையும் இரண்டாந்தரம் இறுக்காமல் எனக்குக் காரை விட மனம் வராது.

அவன் எங்கள் கடையிலேயே அடுத்த பக்கத்தில் சில்லு நேராக்குகிற அலைன்மென்ற் வேலை செய்கிறவன். இருவருக்கும் ஒரே வயது. நான் யாழ்ப்பாணம், அவன் மன்னார்ப் பக்கம், கிறிஸ்தவ வேதக்காரன். அஜின்கோர்ட்டில் அவனும் மனைவியும் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார்கள். சோதனை எழுதி, எல்லா லைசென்ஸும் எடுத்து, முறையாக வேட்டைக்குப் போகிற ஒரு தமிழனை ரொறன்ரோவில் அதுக்கு முன்னம் நான் கண்டதில்லை. துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் பறந்து வந்த சனத்துக்குள்ளே காசு குடுத்துத் துவக்கு வாங்கினவன் இவன் ஒருத்தன்தான் என்று அவன் மனைவியே சொல்லுவாள்.

அவனுடைய துவக்கு கட்டையானது. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை முன்னுக்குத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். உள்ளே போடுகிற தோட்டா என்னவோ பிஸ்ரலுக்கென்று செய்தது. இந்த நாட்டில் பிஸ்ரல் கொண்டு வேட்டைக்குப் போக விடமாட்டார்கள். அதே தோட்டாவை இந்தக் கட்டைத் துவக்கில் போட்டுக் கொண்டுபோகலாம். பத்தைக்குள் கொண்டுதிரிய லேசு. தூரத்துக்குச் சரிவராது. மான் கிட்ட வரவேணும்.

அதற்கு முந்தின நவம்பரில் மான் கிட்ட வந்தும் இருந்தது. அவன் சுட்டான், பட்டது, மான் ஓடிவிட்டது. இருட்டும்வரை இரத்தச் சுவடு பிடித்துத் திரிந்தான். மறுநாள் விடிய மறுபடி போனான். பனி கொட்டி எல்லாத்தையும் மூடியிருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.

"எங்கையோ ஒரு பத்தைக்குள்ளை கிடந்து செத்திருக்கும் மச்சான். எத்தினை மணித்தியாலம் கிடந்ததோ."

அன்றைக்கு அவன் மனைவி போட்ட கட்டளை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் சத்தம் போடுகிற பெண் இல்லை. நான் அங்கே போயிருந்தபோது எனக்கு முன்னாலேயே, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணை, இவருக்கு நீங்களும் சாட்சி. இன்னொரு சீவனை அரைகுறையாய் விட்டிட்டு வந்தாரெண்டால், அந்தத் துவக்கு பேந்து இந்த வீட்டுப்படி ஏறாது."

"நானே கொண்டுபோய்க் குடுத்திடுவன்" என்றான் அவன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதனால்தான் வாளி. போன வருசம் மாதிரிச் சோதித்துப் பார்க்காத சன்னத்தை நம்பாமல், தானே வார்த்துத் தானே சோதித்து, விழுத்தும் என்று கண்ணால் கண்ட சன்னத்தோடுதான் அடுத்த நவம்பருக்குப் போவது என்று அவன் முடிவெடுத்திருந்தான். பொஸ்ஸிடம் நான் கேட்டேன். பொஸ் தோளைக் குலுக்கிவிட்டு எடு என்றான். அவ்வளவுதான். அதைக் கேட்கிறதுக்கு நான் மூன்று நாள் யோசித்திருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் சனத்தின் வீடுகளில் கராஜுக்குள் இன்னொரு அடுப்பு இருக்கும். மீன் பொரிக்க, நண்டு அவிக்க. வீட்டுக்குள் சமைத்தால் குளிர் உடுப்பெல்லாம் மணக்கும் என்று. அவன் அந்த அடுப்பைத்தான் முதலில் பார்த்தான். "அதிலை கைவைச்சியளோ பாருங்கோ, நான் ஈயத்திலை பொரிச்ச மீனோ தின்னுறது?" என்று அவள் துரத்திவிட்டாள். பிறகு காட்டில் கூடாரம் அடிக்கிறவர்கள் கொண்டுபோகிற ஒரு காஸ் அடுப்பு வாங்கி, வளவின் கோடியில், காற்று வருகிற பக்கம் பார்த்து வைத்தான். நான் அதுக்கும் பின்னாலே, வேலியோடு நின்றேன். ஈயப்புகை மூளைக்குப் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனியெண்டால் பக்கத்து வீட்டுச் சீனன்ரை கத்தரிக்காய்க்குள்ளை நிப்பாய்."

"பரவாயில்லை. இஞ்சை நல்லாத் தெரியுது."

அழுக்கை வழித்து எடுத்த பிறகு உருகின ஈயம் கண்ணாடி மாதிரி மினுங்கும். கரண்டியால் அள்ளி அச்சுக்குள் வார்ப்பான். அச்சைத் திறந்தால் சின்ன விரல் நுனியளவில் இரண்டு சன்னம் விழும். ஆறினதும் அதை மருந்து அடைத்த தோட்டாக் கூட்டின் வாயில் பொருத்துவான். போன வருசம் வேறொரு வேட்டைக்காரன் வீட்டில் வார்த்தபோது சன்னத்தைச் சுடச்சுடத் தண்ணிக்குள் போட்டானாம். ஊரில் கொல்லன் பட்டறையில் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணிக்குள் வைக்கிறதைப் பார்த்து வளர்ந்த ஆள். உறுதியாக இருந்தால் நல்லாய்த் தைக்கும் என்று நினைத்திருக்கிறான்.

"தைச்சிருக்கும்தான்," என்றான். "அதுதான் பிழையோ எண்டு இப்ப யோசிக்கிறன்."

சன்னத்தைச் சோதிக்கத் தண்ணியில் ஊறவைத்த பேப்பர் வேண்டும். ஊறின பேப்பர்க் கட்டு கிட்டத்தட்ட இறைச்சி மாதிரித் தடுக்குமாம். கட்டுக்குள் சன்னம் எவ்வளவு ஆழம் போனது, போகப்போக எப்படி விரிந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். இங்கிலீஸ் பேப்பர் காசு குடுத்து வாங்கவேணும். எங்கள் தமிழ்க்கடை வாசல்களில் வாராந்தத் தமிழ்ப் பேப்பர்கள் சும்மா கிடக்கும். போன கிழமைப் பேப்பரைத் தூக்க ஆளில்லாமல் கடைக்காரன் கட்டிவைத்திருப்பான். அதைக் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"என்ன அண்ணை, இவ்வளவு பேப்பர்?" என்றான் கடைக்காரப் பொடியன்.

"அலுமாரித் தட்டுக்கு விரிக்க."

"எத்தினை அலுமாரி?"

இரண்டு கட்டையும் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன்.

அவன் வீட்டில் ஷவருக்குக் கீழே நின்று குளிக்கிற இடம் மட்டும்தான். பேப்பரை ஊறவைக்கப் பாத்டப் எங்கள் அப்பார்ட்மென்றில்தான் இருந்தது. வியாழன் பின்னேரம் நான் அதுக்குள் தண்ணியை விட்டேன். பேப்பர் போடமுன்னம் என் மனைவி வந்து கம்பளத்தில் குந்தி, கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறாய்?"

"சாமிப் படம் இருக்கிறதுகளை எடுக்கிறன். அவையின்ரை மாதா படத்தையும் எடுக்கவேணுமெல்லே."

நானும் குந்தினேன். கோயில் திருவிழா விளம்பரம், பஞ்சாங்கம், மாதா படம் எல்லாம் எடுத்து ஒரு பக்கம் வைத்தோம். பிறகு அவள் மரண அறிவித்தல் பக்கங்களை எடுக்கத் தொடங்கினாள். வரிவரியாக முகங்கள். முப்பத்தோராம் நாள், ஓராண்டு நினைவு.

"இதுகள் சாமியில்லையே?"

"ஓம். ஆனால் உவையும் வெடிபட்டுச் செத்த ஆக்களாய் இருந்தால்?" என்றாள். "இன்னொருக்கா வேண்டாம்."

அதுக்குப் பிறகு ஒரு பக்கமும் தவறவிடாமல் எடுத்தோம். கட்டு பாதியாகக் குறைந்துவிட்டது. எங்கள் பேப்பர்களில் அவ்வளவு பேர் இருந்தார்கள். நான் திரும்பவும் வேறொரு கடைக்குப் போய், இன்னும் இரண்டு கட்டு கேட்டு, இன்னொரு அலுமாரிக் கதை சொல்லவேண்டியதாய்ப் போயிற்று.

மறுநாள் காலமை குளியலறை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் எங்கை முழுகிறது?"

வெள்ளிக்கிழமையை நான் யோசிக்கவேயில்லை. வேலைக்குப் போகமுன்னம் ஊறின கட்டுகளை உடுப்புக் கூடைக்குள் அள்ளிப் பல்கனியில் வைத்தேன். கறுத்த மைத்தண்ணி ஒழுகிக் கீழ்வீட்டுக்காரியின் பல்கனியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சீலையில் விழுந்தது. அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டு, சீலையை வாங்கித் தோய்த்துக் கொடுத்தோம். அதுக்குள்ளும் எனக்கு ஒரே யோசினை: என்ன பேப்பர், ஏன் ஊறவைத்தீர்கள் என்று அவள் கேட்டால் எந்த அலுமாரியைச் சொல்லுவது?

சனிக்கிழமை மத்தியானம் கடை பூட்டினதும் வெளிக்கிட்டோம். எங்கள் கடைக்கு உழவு மெசினின் ரயரைக் கொண்டுவருகிற ஒரு வெள்ளைக் கமக்காரன், நகருக்கு வடக்கே தன் காணியில் மணல் தோண்டி எடுத்த பழைய பள்ளக் கிடங்கில் சுடுவதற்கு அனுமதி தந்திருந்தான். துவக்கு பெட்டிக்குள் பூட்டி, தோட்டா வேறாக, எல்லாம் சட்டப்படி ட்ரங்கில் இருந்தது. அப்படியிருந்தும் 404 ஹைவேயில் ஒரு பொலிஸ் கார் பின்னால் வர நான் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் கனடியச் சிற்றிசன் குடியுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"மறிச்சால் என்ன சொல்லுவம்?"

"வேட்டைக்காரர் எண்டு சொல்லுவம்."

"பேப்பரைக் கேட்டால்?"

"வாசிக்கிற ஆக்கள் எண்டு சொல்லுவம். பேசாமல் இரு மச்சான்."

பொலிஸ் கார் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது.

கிடங்கின் மணல்சுவருக்கு முன்னால், பால் பெட்டிகளுக்குள் ஊறின பேப்பரை இறுக்கி அடுக்கி ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தோம். கடையிலிருந்து கொண்டுபோன பழைய ரயர் இரண்டை அடுக்கி அதன்மேல் துவக்கை ஊன்றிக்கொண்டு அவன் படுத்தான். தூரத்தை அவன் பஸ்ஸில்தான் அளப்பான். கடை வாசலில் இருந்து பார்த்துப் பார்த்து எங்கள் இரண்டு பேருக்கும் பஸ்ஸின் நீளம் கண்ணுக்குள் இருந்தது. மூன்று பஸ்ஸை வரிசையாக விட்டால் எவ்வளவோ அவ்வளவு. சீடர் மரப்பத்தைக்குள் அதைவிடத் தூரம் எப்படியும் தெரியாது என்றான்.

நான் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு காருக்குப் பின்னால் நின்றேன். ஒருக்கால் சுட்டுப் பாரன் என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். வெடிச்சத்தம் மணல்சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது தலையைக் குனிந்து காரோடு ஒட்டினேன். நிலத்தில் குந்திவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. "எனக்கும் முதல்முதல் உப்பிடித்தான்" என்றான்.

முதல் சுட்டது போன வருசத்துச் சன்னம். பெட்டிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் முன்னாலும் ஓட்டை, பின்னாலும் ஓட்டை. இரண்டும் சுண்டுவிரல் பருமன். சன்னம் நேரே ஊடுருவிக்கொண்டு மணலுக்குள் போயிருந்தது. அவன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"இதுதான் மச்சான் நடந்தது. ஊசி குத்தின மாதிரிப் போயிருக்கு. அது நிண்டு விழுகிறதுக்கு ஒண்டும் நடக்கேல்லை உள்ளுக்கு."

அந்தக் கோடை முழுக்க எங்கள் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. அவன் சுடுவான், நான் பேப்பர் பிரிப்பேன். ஒரு கிழித்தலில் நாலைந்து தாளாக உரித்துக்கொண்டு போகவேணும். மேல்தாளில் சின்ன ஓட்டை. கீழே போகப்போக அது அகலும். ஊரில் நடக்கிற சண்டைச் செய்திக்கு நடுவால், இடம்பெயர்ந்த சனத்தின் படத்துக்கு நடுவால், காணி விற்பனைக்கு நடுவால் அந்த ஓட்டை போய்க்கொண்டிருக்கும். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் ஒரு தாளில் நின்றால் நின்றுவிடுவேன்.

"ஒண்டும் வாசியாதை மச்சான். தாளை மட்டும் பிரி."

"எங்கடை பக்கத்து ஊர் இதிலை கிடக்கு."

"தெரியும். பிரி."

அவனும் வாசித்துக்கொண்டுதான் நின்றான் என்று எனக்குத் தெரியும்.

விரிகிறதுக்கு மிருதுவான ஈயம் வேண்டும் என்று ஆனதும் அதையும் நான்தான் தேடிப்பிடித்தேன். நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அதில் ஒருத்தன் இப்போது பழைய வீடு இடிக்கிற வேலையில் நின்றான். அங்கத்தைய வீடுகளில் தண்ணிக்குழாயே ஈயம். ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தான். வளைத்தால் கையோடு வளைந்தது.

"அப்ப நாங்கள் குடிச்ச தண்ணி?" என்று அவனைக் கேட்டேன்.

"இவ்வளவு நாள் சாகேல்லையே. விடு."

நான் விடவில்லை. ஒரு கிழமைக்கு நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழாய் ஈயத்தில் வார்த்த சன்னம் ஊறின பேப்பருக்குள் காளான் மாதிரி விரிந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்ததும் அவன் குதிக்காத குறை. உள்ளே பேப்பர் அரைத்த மா மாதிரிக் குழைந்திருந்தது.

"முடிஞ்சுது மச்சான்! இதுதான். இனி நவம்பர் வரட்டும்."

எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நல்ல செய்தி கேட்டால் அதுக்குள் என்ன பிழை என்று தேடுகிற சுபாவம்.

"மானிலை எலும்பு இருக்கெல்லே?"

"இருக்கு."

"பேப்பருக்குள்ளை எலும்பில்லையே."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு காளான் சன்னத்தைப் பார்த்தான். "உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தன் பார்" என்றான். அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் கடையில் நின்றோம். இறைச்சி ஒட்டின தோள்பட்டை எலும்பு வேணும் என்றதும் கடைக்காரர் சூப்புக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன். வெட்டவா என்று கேட்டார். முழுசாய் வேணும் என்றேன். வேண்டாம் வெட்டித்தாறன், சட்டிக்குள் போகாது என்று அவர் கத்தியை ஓங்க, இரண்டு பேரும் ஒன்றாகக் கையை நீட்டித் தடுத்தோம். அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு பையில் போட்டுத் தந்தார்.

எலும்பைப் பேப்பர்க் கட்டுக்கு முன்னால் கட்டிவைத்துச் சுட்டான். குழாய் ஈயச் சன்னம் எலும்பிலேயே சப்பளிந்து காசு மாதிரி ஆகிவிட்டது. பேப்பருக்குள் பெரிதாகப் போகவில்லை. அவன் போய் ரயரின் மேல் இருந்தான். அந்த நேரம் என் வாயை நினைத்து நான் பட்ட பாடு. சும்மா இருந்திருந்தால் அந்த மனுசன் சந்தோசமாக இருந்திருப்பான் என்று பட்டது. அவனே சொன்னான்.

"இதோடை போயிருந்தால் திரும்பவும் ஒண்டைத் தோளுடைச்சுக் கலைச்சிருப்பன்."

பிறகு இரண்டு ஈயத்தையும் கலக்கிறதில் இறங்கினான். கொஞ்சம் வாளி ஈயம், கொஞ்சம் குழாய் ஈயம். தண்ணிக்குள் போடாமல் தன்பாட்டில் ஆறவிட்ட சன்னம். ஒரு கலவை விரியவில்லை, மற்றது துவக்குக் குழலுக்குள் ஒட்டி, குறி தவறி அங்கும் இங்கும் பட்டது. இறைச்சிக் கடைக்காரர் எங்களைக் கண்டதும் எலும்பை எடுத்துவைக்கப் பழகிவிட்டார். என் மனைவி வெள்ளிக்கிழமை முழுக்கை விடியவே முடித்து, பாத்டப்பை எனக்கு விட்டுத்தரப் பழகினாள். மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கின ஒரு சனிக்கிழமை, எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போய், நல்லாய் விரிந்து, இரண்டாம் பெட்டியில் நின்ற ஒரு சன்னத்தைத் தாள்களுக்குள் இருந்து நான் தோண்டியெடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. அவன் அதை வாங்கவில்லை. "நீயே வைச்சுப் பார். என்ன பிழை சொல்லு" என்றான்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தூரத்திலை நிண்டால்?"

பெட்டிகளைத் தள்ளிவைத்துச் சுட்டுப் பார்த்தோம். ஆறு பஸ் தூரத்தில் சன்னம் களைத்துவிட்டது, பாதிதான் விரிந்தது. மூன்று பஸ், மிஞ்சினால் நாலு. அதுக்கு அங்காலை விரலை விசையில் வைக்கமாட்டன் என்று எனக்கு முன்னால் சொன்னான். வீட்டுக்கு வந்து மனைவிக்கும் சொன்னான். அவள் மீன் கழுவிக்கொண்டு நின்றாள். "சொல்லுறது லேசு" என்றாள்.

ரயர் கடைக்கு நவம்பரைப் போலக் கெட்ட மாதம் இல்லை. முதல் பனித்தூறலைக் கண்டதும் சனமெல்லாம் ரயர் மாற்ற ஓடிவரும். பொஸ் எங்களுக்குத் தந்தது ஒரே ஒரு நாள். விடியமுன்னம் வெளிக்கிட்டோம். நான் சுடப் போகாவிட்டாலும் செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் போட்டுத்தான் வரவேணும் என்றான். நான் வருகிறது சட்டப்படி பிழையோ என்று மூன்று தரம் கேட்டேன். கமக்காரனின் காணிக்குப் பின்னால் இருந்த பத்தைக்குள், விழுந்து கிடந்த ஒரு மரத்தோடு சாய்ந்து இருந்தோம். கால்விரல்கள் எனக்கு இருக்கோ இல்லையோ என்று தெரியாமல் போனது.

மத்தியானம் திரும்பின பிறகு வந்தது. முதலில் நான் மரம் என்று நினைத்தேன். பிறகு மரம் காதை அசைத்தது. கலைமான். பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. ஆறு பஸ் இருக்கும். எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு நாள். அவனுடைய கன்னம் துவக்கோடு ஒட்டியிருந்தது. மூச்சு ஆவியாக வந்துபோனது. விரல் விசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகவில்லை.

மான் குனிந்து எதையோ கடித்தது. இரண்டடி வைத்தது. சீடர் மரத்துக்குப் பின்னால் மறைந்தது. முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, சொன்னால் வெட்கம். பிறகு மரத்தின் இந்தப் பக்கத்தால் வந்தது. ஐந்து. நாலு. முகத்தை நேரே எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. அவன் சுடவில்லை. அது திரும்பித் தோள் தெரியும்வரை இருந்தான்.

நான் கண்ணை மூடினேன்.

வெடிச்சத்தத்தோடு கண்ணைத் திறந்தால், மான் ஒரு துள்ளுத் துள்ளிப் பத்தைக்குள் பாய்ந்து மறைந்தது. சுள்ளிகள் முறிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"ஓடீட்டுது மச்சான்! ஓடீட்டுது!"

"இரு."

"ஓடுது, போய்ப் பாப்பம்!"

"இரு எண்டிறன்! இப்ப போய்க் கலைச்சால் கிடக்கிறதும் எழும்பி ஓடும். அரை மணித்தியாலம் இருக்கவேணும்."

அந்த அரை மணித்தியாலத்தைப் போல ஒன்றை நான் அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல்களில்தான் கண்டிருக்கிறேன். அவன் கையுறையைக் கழற்றினான், போட்டான், கழற்றினான்.

"எங்கை பட்டது? நீ கண்டனியோ?"

"நான் கண்ணை மூடியிருந்தன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "நல்ல சாட்சியைத்தான் அவள் பிடிச்சிருக்கிறாள்" என்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "அது செத்துக் கிடக்கேல்லையெண்டால் இந்தத் துவக்கை வீட்டை கொண்டுபோகமாட்டன். அந்தக் கமக்காரனிட்டையே குடுத்திட்டு வாறன். அவள் சொல்லவேண்டாம்."

நான் தெரிந்த தேவாரத்தில் பாதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதி மறந்துபோயிருந்தது. திரும்பத் திரும்ப அந்தப் பாதியையே சொன்னேன்.

நேரம் வந்ததும் எழும்பினோம். மான் நின்ற இடத்தில் இலைகளில் இரத்தம். ஓட்டைப் பேனையால் தெளித்த மாதிரி இல்லை, நிறைய. அவன் குனிந்தபடி முன்னால் போனான். நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு பெரிய சீடர் மரத்தைச் சுற்றின இடத்தில் அவன் நின்றுவிட்டான். அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

ஓடின வேகத்திலேயே விழுந்திருந்தது. முன்னங்கால் மடிந்தபடி. நிலத்தில் அதைச் சுற்றி இலைகள் கலையாமல் கிடந்தன. உதைத்த அடையாளமோ புரண்ட அடையாளமோ இல்லை. அவன் ஒரு தடியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். அசைவில்லை. தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு அதுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினான். நானும் தொப்பியைக் கழற்றினேன். ஏன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நாங்கள் இருந்த மரம் அங்கிருந்தே தெரிந்தது.

மானை இழுத்துக் காரில் ஏற்ற கமக்காரன் வந்து கைகொடுத்தான். ஒரு தொடையை அவனுக்கு விட்டுவிட்டு வந்தோம். வருகிற வழியில் பெற்றோல் ஸ்ரேஷனில் ஒரு ரெலிபோன் இருந்தது. அவன் காசைப் போட்டு நம்பரை அழுத்தினான். மணி ஒருக்கால்தான் அடித்திருக்கும்.

"விழுந்ததோ?" பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் கேட்டது.

"விழுந்தது."

"நிண்ட இடத்திலையோ?"

பொய் சொல்லத் தெரியாதவன். "கொஞ்சம் ஓடினது" என்றான்.

அவன் றிசீவரை என் கையில் திணித்தான். "நீ சொல்லு. நான் சொன்னால் நம்பமாட்டாள்."

"அண்ணை, மாதாவாணை உண்மையைச் சொல்லுங்கோ. கிடந்து துடிச்சதோ?"

எதையும் நான் உறுதியாகச் சொன்னதில்லை. அப்படித்தான் நினைக்கிறன், ஆனால் தெரியாது, எதுக்கும் ஒருக்கால் பாருங்கோ, இதுதான் என் வாயில் வருகிற பதில். கலையாமல் கிடந்த இலைகளை நினைத்தேன்.

"இல்லைத் தங்கச்சி," என்றேன். "ஓடினது ரெண்டு பஸ் நீளம்கூட இல்லை. ஓட்டத்திலேயே முடிஞ்சுபோச்சு. நான் கண்ணாலை கண்டன்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பின்னால் எங்கேயோ தண்ணி ஓடுகிற சத்தமும் கேட்டது. பைப்பைப் பூட்டினாள்.

"அப்ப வரேக்கை கறிக்கு இஞ்சியும் உள்ளியும் வாங்கிக்கொண்டு வரச்சொல்லுங்கோ. இஞ்சை ஒண்டுமில்லை."

றிசீவரை வைத்தேன்.

"என்னவாம்?"

"இஞ்சியும் உள்ளியும் வேணுமாம்."

"துவக்கைப் பற்றி?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அவன் திருப்பி ஒருக்கால் கேட்டான். நான் திருப்பிச் சொன்னேன். பிறகு காரை எடுத்தான். அஜின்கோர்ட்டுக்குள் வர, தமிழ்க்கடையைப் பூட்டப்போகிற நேரம். செம்மஞ்சள் அங்கியைக் கழற்ற இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. சீலை உடுத்த அன்ரிமார் விலகி வழிவிட, மண் ஒட்டின சப்பாத்தோடு உள்ளே போய், இஞ்சிப் பெட்டிக்கு முன்னால் நின்று, நாரில்லாத துண்டாய்ப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினோம்.